கூடத்து வென்டிலேட்டரும் குருவிநத்தத்து மச்சானும்

எனக்குக் கண் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. இதை வீட்டில் சொல்ல வாயெடுத்தாலே எல்லோரும் சிரிக்கிறார்கள். அதற்குக் காரணம் எங்கள் கூடத்துச் சுவர் உச்சியில் காற்றுக்கு விட்ட வென்டிலேட்டர்.

திருபுவனையில் ஒரு கம்பெனியில் டப்பா மூடிகளைச் சோதிப்பது என் வேலை. இருபது வருடமாகக் கறை, கீறல், துரு கண்டுபிடித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். அதனால் உலகத்தில் எந்தக் கறையும் என்னிடம் உண்மையைச் சொல்லியே தீரும் என்று ஒரு நினைப்பு.

அந்த ஐப்பசியில், மகள் நித்யாவின் நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, எங்கள் ஊர் மடுகரையில் மழை காற்றோடு குறுக்கே அடித்தது. காலையில் காபியோடு நிமிர்ந்து பார்த்தால், வென்டிலேட்டருக்குக் கீழே வெள்ளைச் சுவரில் சிவப்பாக மூன்று கோடுகள். ஓரத்தில் உப்புப் பூத்தது போல வெள்ளை வேறு.

"செல்வி! ரத்தம்!" என்று கத்தினேன்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பூனை எலிய கடிச்சிருக்கும். தொடைச்சி வுடுங்க."

துடைத்துவிட்டால் நிபுணன் எதற்கு? ஸ்டூல் போட்டு ஏறினேன். முகர்ந்து பார்த்தேன், வாசனை இல்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். (கம்பெனியில் இப்படிச் செய்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். வீட்டில் கேட்க ஆளில்லை.) துவர்த்தது. எலி ரத்தம் துவர்க்குமா என்று எனக்குத் தெரியாது. துவர்க்காது என்று முடிவு செய்தேன். வயர் கருகுகிறதோ என்று மெயினை அணைத்தேன். மிக்ஸியில் சட்னி பாதியில் நின்றது.

"கருகினா கருப்பா இருக்கும்பா. கரண்ட்ட போடு" என்றாள் நித்யா. அவள் சொன்னது சரி என்பதால் எரிச்சல்தான் வந்தது.

கடைசியில் தீர்ப்புக்கு வந்தேன். சிவப்பு என்றால் துரு. வெள்ளை என்றால் உப்பு. ஆகவே இது உப்பு மணலில் கட்டிய வீடு; உள்ளே கம்பி துருப்பிடித்து வடிகிறது. ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றும் நேரத்தில் கூரை சம்பந்தி தலையில் இறங்கப் போகிறது.

வீட்டைக் கட்டிய மேஸ்திரி செல்வியின் தம்பி ஏழுமலை. குருவிநத்தத்துக்காரன். ஆற்றங்கரையில் பிறந்த கொத்தனாரிடம் மணல் சரியில்லை என்று சொல்வது அவன் பிறப்பையே குறை சொல்வது மாதிரி. நான் அதைப் போனிலேயே சொன்னேன்.

"மச்சான், எந்தக் கடற்கரையில மணல் அள்ளின?"

"இன்னா மாமா சொல்றீங்க?"

"உப்பு மணல் போட்டுட்ட. கம்பி உள்ள அழுவுது."

"என்னப் பாத்து மணலப் பத்தி கேட்டுட்டீங்க இல்ல? இனிமே ஒங்க வூட்டுப் படி மிதிக்க மாட்டேன். நிச்சயத்துக்கு வேற ஆள பாத்துக்குங்க."

வேறு ஆளுக்கு எங்கே போவது? எங்கள் வீடுகளில் தாய்மாமன் மாலை போட்டு மணையில் உட்கார வைத்தால்தான் நிச்சயம். நித்யா அழுதாள். "மாமா வரலன்னா நான் மணையில ஒக்கார மாட்டேன், ஆமா!" செல்வி அழவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். அதற்கு அழுதே இருக்கலாம்.

மறுநாள் காலை ஏழுமலை வந்தான், ஏணியும் சுத்தியலுமாக. படி மிதிக்க மாட்டேன் என்ற வாக்கைக் காப்பாற்ற, வெளிச்சுவரில் வென்டிலேட்டருக்கு நேராக ஏணியைச் சாத்தினான்.

"சுவத்த ஒடைச்சி கம்பிய காட்டறேன். ஒரு பொட்டு துரு இருந்தா என் கரண்டிய ஆத்துல வீசிடறேன்."

அவன் நான்காவது படியில் கால் வைத்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

மூன்று வருடத்துக்கு முன், புதுமனை புகுவிழா. செல்வி வாசலில் பூசணிக்காய் கட்டியதை, "கண்ணாவது படறதாவது" என்று ஊர் கேட்கக் கிண்டல் செய்தவன் நான். சாப்பிட்டுக் கைகழுவிய ஏழுமலை, "வூடு சும்மா அரண்மன மாதிரி இருக்குது மாமா" என்றான். மூன்று முறை சொன்னான். மூன்றாவது முறை எனக்கு அது பாராட்டாகக் கேட்கவில்லை. மறுநாள் யாரும் பார்க்காதபோது படிகாரமும் இரண்டு மிளகாயும் சிவப்புத் துணியில் முடிந்து வென்டிலேட்டருக்குள் செருகி வைத்தேன். பிறகு மறந்தே போனேன்.

"மச்சான், எறங்கு! உள்ள பாம்பு!" என்று அலறினேன்.

பாம்பு என்றதும் தெருவே கூடிவிட்டது. ஏழுமலை கையை உள்ளே விடாமல் சுத்தியல் காம்பால் வென்டிலேட்டருக்குள் துழாவி இழுத்தான். ஈர மூட்டை ஒன்று எல்லோர் காலடியிலும் வந்து விழுந்து அவிழ்ந்தது. நெல்லிக்காய் அளவுக்குக் கரைந்துபோன படிகாரம், ஊறிய மிளகாய். சாயம் போன அந்தத் துணி, கம்பெனியில் மூடி துடைக்கத் தருவது. ஓரத்தில் என் கையெழுத்தில் என் டோக்கன் நம்பர்.

"யாரு கண்ணுக்கு பயந்து மாமா கட்டினீங்க?"

நான் மழையைப் பற்றிப் பேச்செடுத்தேன். செல்வி ஒரு நாள் முழுக்கக் காத்த மௌனத்தைக் கலைத்தாள். "ஒன் கண்ணுக்குத்தான்டா. 'ஒன் தம்பி மூணு வாட்டி சொன்னான்'னு அன்னிக்கு ஒரே பொலம்பல்."

அவன் ஏணி மேலிருந்தே என்னைப் பார்த்தான். "நான் கட்டின வூட்டுக்கு நானே கண்ணு வெப்பனா மாமா?"

"தப்புதான் மச்சான்" என்றேன். அவனிடம் நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. தெருவே கேட்டது.

"சுவத்துக்கு நீங்களே பெயின்ட் அடிங்க. நல்லா இருந்தா வரேன்" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். அடித்தேன். திட்டுத்திட்டாகத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரிசைத் தட்டோடு வந்தவன், முதலில் வாசலில் நின்றே கூடத்துச் சுவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு உள்ளே வந்து நித்யாவுக்கு மாலை போட்டான். அவன் தட்டில் வெற்றிலைக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவே தேங்காய் அளவுக்கு ஒரு படிகாரம். சம்பந்தி விசாரித்தார். ஏழுமலை முழுக் கதையையும் சொன்னான், நான் நாக்கில் வைத்துப் பார்த்தது உட்பட. (அதை அவனுக்குச் சொன்னது மணப்பெண்.)

போன மாதம் ஏழுமலை குருவிநத்தத்தில் தனக்கென்று வீடு கட்டிப் பால் காய்ச்சினான். உண்மையிலேயே அழகான வீடு. "வூடு நல்லா இருக்குது மச்சான்" என்றேன். சாப்பிட்டுவிட்டு இன்னொரு முறை சொன்னேன். மூன்றாவது முறை வாயைத் திறந்தேன். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு வென்டிலேட்டரை நிமிர்ந்து பார்த்தார்கள்.