மைத்துனரைக் கொன்றதற்கு மன்னிப்பு

பிளோவ்திவ்,
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் லியூபென் அவர்களுக்கு, வெலிச்கோ வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் ரூசேயில் திடகாத்திரமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருந்தே ஆகவேண்டும். ஏனென்றால் சென்ற வியாழக்கிழமை தங்களை நான் கொன்றுவிட்டேன்.

பதறாதீர்கள், நாவலில்தான். இருபத்திரண்டு வருடம் தொலைக்காட்சிக்குத் துப்பறியும் தொடர் தயாரித்தவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் மர்ம நாவல் எழுதுகிறேன். பொருளைக் கண்ணால் பார்க்காமல் எனக்குக் காட்சி வராது, பழக்க தோஷம். கொலையானவனுக்கு ஒரு மரண அறிவிப்புத் தாள் வேண்டியிருந்தது. நல்ல முகமாகத் தேடியதில், எங்கள் மகள் கல்யாணத்தில் கையில் மைக்கோடு நிற்கும் தங்கள் படம் அகப்பட்டது. பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று தங்கள் பெயரிலேயே அச்சகத்தில் கொடுத்தேன். கேட்டது ஒரே ஒரு தாள். அச்சகக்கார ரங்கெல், துக்க வீட்டுக்காரன் அலையக் கூடாதென்று நாற்பது அடித்து, எங்கள் வாசற்கதவு, விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம் என்று தானே ஒட்டிவிட்டுப் போய்விட்டான். பக்கத்து வீட்டுக்காரி, செத்தவர் பேரில் படைக்கிற வேகவைத்த கோதுமையோடு வந்து நிற்கிறாள். "ஐயோ, இது கதைக்கும்மா"ன்னு சொன்னா, "பாவம், துக்கத்துல புத்தி பிசகிடுச்சு"ன்னு என் கன்னத்தைத் தடவுறா!

தங்கள் தங்கை ராட்கா அதை பஸ் நிறுத்தத்தில் பார்த்தாள். ஒன்பது வருடமாகத் தங்கள் பெயரையே எடுக்காதவள், தக்காளிப் பையை நடுரோட்டில் போட்டுவிட்டு "அண்ணா"ன்னு கத்தினாள். உண்மையைச் சொன்னதும் எனக்கு ஓர் அறை. "நிஜமா செத்திருந்தா நான் என்னய்யா பண்ணியிருப்பேன்? அண்ணன் பாடிக்கிட்டிருக்கும்போதே நேரமாச்சுன்னு மைக்கை அணைச்சது நீ. கல்யாணத்தையும் சீரியல் மாதிரி நடத்தினவன் நீ. உன் பக்கம் பேசி நான் அண்ணனை விட்டேன் பாரு!"

இன்று விடிந்ததும் தங்களைப் பார்க்க ரூசே பஸ் ஏறிவிட்டாள். நானும் காலையிலிருந்து போன் அடிக்கிறேன், எடுக்க மாட்டேங்கறீங்க. கோபம் நியாயம்தான். இது கைக்குக் கிடைப்பதற்குள் அவளுக்குக் கதவைத் திறந்திருப்பீர்கள். மைக்கை அணைத்தது நான், அவளில்லை. மன்னித்துவிடுங்கள்.

தங்களுக்கு நூறு வயதும், என் நாவலில் மறுபிறப்பும் வேண்டும்,
வெலிச்கோ

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ராட்கா போன் செய்தாள். தங்கள் கதவிலும் ஒரு தாள் இருக்கிறதாம். இறந்த நாற்பதாம் நாளுக்கு ஒட்டும் அறிவிப்பு, போன வாரத் தேதி. எங்கள் விலாசம் அங்கே யாரிடமும் இல்லாததால் தகவல் சொல்ல முடியவில்லையாம். அதே படம், கையில் மைக்கோடு. அது நான் அடித்ததில்லை. அந்தப் பாட்டில் இன்னும் இரண்டு சரணம் பாக்கி இருந்ததாம், அழுதுகொண்டே சொன்னாள்.