ஒரு வருடத்துப் பனியன் ஒரே காலையில்

பெருமாநல்லூர்,
ஆகஸ்ட் 2008

பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் சிறப்புற்றிருக்கும் என் மைத்துனர் மோகன்ராஜ் அவர்களுக்கு, அக்காள் வீட்டுக்காரன் லிங்கசாமி எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்காள் நிர்மலாவும் நலம். நலம் என்பது முறைக்காக எழுதியது. போனில் பேசினால் பாதித் திட்டிலேயே வைத்துவிடுவீர்கள். ஈமெயில் போட அந்தக் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும். தொடமாட்டேன்.

“மச்சான், நம்ம குழந்தைப் பனியனை இன்டர்நெட்டுல விக்கலாமுங்க, எந்த ஆர்டர் என்னைக்கு வித்துச்சுன்னு சாஃப்ட்வேரே எழுதி வச்சுக்குமுங்க” என்றீர்களே மாப்பிள்ளை, அது எழுதி வைத்த லட்சணத்தைக் கேளுங்கள். திங்கட்கிழமை சேல்ஸ் டேக்ஸ் ஆபீசிலிருந்து சாரதாமணி என்கிற அம்மா வந்தார். “எந்தத் தேதியில எதை வித்தீங்கன்னு காட்டோணுமுங்க. இல்லாட்டி உங்க பதிவே ரத்தாயிருமுங்க” என்றார். நாளைக்கே தருகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். மறுநாள் விடிந்ததும் உட்கார்ந்து, சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு ஆர்டராகத் திறந்து பார்த்து, பிரிண்ட் எடுத்து நீட்டினேன். அந்தம்மா பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “ஏனுங்க, வருசம் பூரா வித்த சரக்கு அத்தனையும் இன்னைக்குக் காலையில வித்ததா இருக்குதுங்களே?”

“இன்னைக்கு முகூர்த்த நாளுங்க” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“குழந்தைப் பனியனுக்கு என்னங்க முகூர்த்தம்?” வெள்ளிக்கிழமை வரை கெடு கொடுத்துவிட்டுப் போனார்.

இதை அரைகுறையாகக் கேட்ட நம் டெய்லர் ஆத்தப்பன் காதர்பேட்டைக்குப் போன் போட்டிருக்கிறான். மத்தியானம் அங்கே மொத்தக்கடை வைத்திருக்கும் சுப்பண்ணன் ரோஜா மாலையோடு வந்து இறங்கினார். “ஏப்பா லிங்கு, ஒரு வருசத்துச் சரக்கை ஒரே காலையிலயா தள்ளிப்போட்டே!” என்று என் கழுத்தில் போட்டார். கூட வந்த வடக்கத்தி வியாபாரி நேராகப் போய்க் கம்ப்யூட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் மாலையும் கழுத்துமாக நிற்கிறேன், உள்ளே உங்க அக்கா வாங்கினவங்களுக்கெல்லாம் போன் போட்டு, “ஏனுங்க, நம்ம பனியன் என்னைக்கு வாங்குனீங்க?” என்று கெஞ்சுகிறாள். கரூர்க்காரம்மா, “பாப்பாவுக்கு மொதப் பல்லு மொளைச்ச அன்னைக்குங்க” என்றாராம். மதுரைக்காரம்மா, “பேரனுக்குக் கறுப்புப் பனியன் எடுத்தேன்னு எங்க மாமியா ரெண்டு நாளா பட்டினி கெடந்தாகள்ல, அதுக்கு முந்துன நாளு” என்றாராம். சாரதாமணி அம்மாவிடம் பல்லையும் பட்டினியையுமா காட்டுவது? சொல்லுங்க மாப்பிள்ளை, பதிவு போச்சுன்னா பனியனை நானே போட்டுக்கிட்டுத் திரிய வேண்டியதுதான், அதுவும் குழந்தை சைஸ்!

ஆகவே கிடைக்கிற முதல் பஸ்ஸில் ஏறி வந்து அந்தச் சாஃப்ட்வேரை வேரோடு பிடுங்கிக்கொண்டு போகவும். கோபம் வேறு, உறவு வேறு. நீங்களும் ஆஷாவும் பிள்ளைகுட்டிகளோடு பல்லாண்டு வாழ அவிநாசியப்பரை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மாலை வாடியும் மனம் ஆறாத
லிங்கசாமி

பி.கு.: ஸ்டாம்பு ஒட்ட வந்த உங்கள் அக்காள் திரையைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, எழுத்தை எதுக்கு இத்தாச்சோடு பெருசா வச்சிருக்கறீங்க?” என்றாள். கண்ணாடி போடச் சோம்பல்பட்டு நான்தான் பெரிதாக்கியிருந்தேன். அவள் சின்னதாக்கினாள். வலது ஓரத்தில் ‘விற்ற தேதி’ என்று ஒரு வரிசை வந்து நின்றது. ஒரு வருடத்துத் தேதியும் அதில் பத்திரமாக இருந்தது. நான் பார்த்து பிரிண்ட் எடுத்தது ‘கடைசியாகத் திறந்த தேதி’யாம். சாரதாமணி அம்மாவிடம் கொடுத்துவிட்டு இப்போதுதான் வந்தேன். “சாஃப்ட்வேர் நல்லாருக்குதுங்க” என்றார். நீங்கள் வரவேண்டாம். மேலே திட்டியதையெல்லாம் ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்ளவும்.

இல்லை, வாருங்கள். சுப்பண்ணன் தன் கடைக்கும் இதே சாஃப்ட்வேர் வேண்டுமென்று வந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரே காலையில் விற்றுத்தருவது எந்தப் பட்டன் என்று கேட்கிறார்.