உங்கள் காரின் மரை கழன்ற விவரம்

அன்பும் மதிப்பும் மிக்க சகலை பெஞ்சோ அவர்களுக்கு,

செவ்லியெவோவிலிருந்து ரங்கேல் எழுதுவது. வியன்னாவில் நீங்களும் ஸ்டான்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் ரட்காவும் நலம். குடமிளகாய் சுடுகிற காலம் என்பதால் தெருவே இருமிக்கொண்டிருக்கிறது, மற்றபடி குறையில்லை. என் பொறுப்பில் விட்டுப்போன உங்கள் பச்சைக் காரும் நலம். இந்தக் கடிதத்தில் வேறு எதை நம்பாவிட்டாலும் அதை மட்டும் நம்பவும்.

நலமில்லாதது என் மனசுதான். எங்கள் ஒரே மகள் நெவெனா ஒரு கிரேக்கப் பையனைக் கூட்டிவந்திருக்கிறாள். பெயர் ஸ்டாமாடிஸ், தெசலோனிக்கியில் பல் டாக்டர். இவள் வேலை பார்ப்பதும் அவனிடம்தான். நல்ல பையன். நம் வீட்டு ராக்கியாவை முகம் சுளிக்காமல் குடிக்கிறான், ரட்கா சுடும் பானிட்சாவை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். கல்யாணத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பயமெல்லாம் ஒன்றுதான், கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணை ஒரேயடியாக அங்கே கொண்டுபோய்விடுவானோ என்று. நீங்கள் போனதிலிருந்து பக்கத்தில் உங்கள் வீடு பூட்டியே கிடக்கிறது. என் வீட்டிலும் ஓர் அறையைப் பூட்ட எனக்குத் தெம்பில்லை சகலை. இதை அவனிடம் கேட்க ஒரு சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சந்தர்ப்பத்தை உங்கள் கார் கொடுத்தது. வருடாந்திரச் சோதனைக்குக் கொண்டுபோனால், எஞ்சின் விளக்கு எரிகிறது, புகை சரியில்லை, புகைக்குழாயில் இருக்கிற ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு சென்சாரைக் கழற்றி மாட்ட மெக்கானிக் எதற்கு என்று நானே காருக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற கராஜ் குழிக்குள் இறங்கினேன். விளக்குப் பிடிக்கப் பையனையும் கூப்பிட்டுக்கொண்டேன், குழிக்குள் நின்றால் இரண்டு பேரும் எங்கேயும் நழுவ முடியாது, மனம்விட்டுப் பேசலாம் என்று ஒரு கணக்கு. பழைய சென்சார் துருப்பிடித்துக் குழாயோடு குழாயாக ஒட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினை ஓடவிட்டுக் குழாயைச் சூடாக்கி, எண்ணெய் விட்டு, ஊறவைத்துக் கழற்றலாம் என்று பையன் அரைகுறையாக நம் பாஷையில் சொன்னான். "பல்லா புடுங்குறோம், ஊசி போட்டு மரத்துப்போற வரைக்கும் உக்காந்திருக்க?" என்று கேட்டுவிட்டு, ஸ்பானரில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி ஓர் இழுப்பு இழுத்தேன். சென்சார் வந்தது. ஓட்டையின் மரையில் பாதியும் கூடவே வந்தது.

சரி, போனது போகட்டும் என்று புதிய சென்சாரை வைத்துத் திருகினேன். கொஞ்சம் போனது, அப்புறம் முரண்டு பிடித்தது. எனக்கு மேலே தெரியவில்லை, பையன்தான் கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏம்ப்பா, நிறுத்திடவா?" என்றேன். "நே" என்றான். நமக்கு 'நே' என்றால் இல்லை, வேண்டாம். நிறுத்த வேண்டாம் என்கிறான் என்று இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினேன். "இப்பவாவது நிறுத்தவா?" "நே, நே, நே!" இப்படித் தைரியம் கொடுக்கிற மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பான் என்று நெஞ்சு நிறைந்துபோய், மறுபடியும் அந்த நீளக் குழாயை எடுத்து உடம்பின் பாரம் முழுவதையும் போட்டேன். சென்சார் கோணலாக ஏறி, இருந்த மிச்ச மரையையும் நசுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. சத்தம் கேட்டு நெவெனா மிளகாய்க் கையோடு ஓடிவந்தாள்.

"அப்பா, அவங்க பாஷையில 'நே'ன்னா ஆமா. அவர் நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கத்துறார், நீங்க பாட்டுக்கு முறுக்கிட்டே போறீங்க."

"ஆமாங்கிறதுக்கு எவனாவது 'நே'ன்னு சொல்லுவானா? மரை கழண்ட பாஷையா இருக்கே."

"மரையைக் கழட்டுனது பாஷை இல்ல, நீங்க."

அவன் பெயருக்கே 'நிறுத்து' என்பதுபோல ஓர் அர்த்தம் உண்டாம், அதையும் அப்போதுதான் சொன்னாள். முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா.

அப்புறம் பையன் மேலே போய்த் தன் பெட்டியிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்தான். சென்சாரை நோகாமல் பின்னுக்குத் திருகி எடுத்து, ஓட்டையைக் கண்ணாடியில் பார்த்து, அடியில் கொஞ்சம் மரை பிழைத்திருக்கிறது என்றான். எனக்கும் ரோஷம் வந்து கடைவீதிக்குப் போய் அதே அளவில் மரை வெட்டுகிற டேப் வாங்கிவந்தேன். இரும்புத்தூள் குழாய்க்குள் விழாமல் ஒட்டிக்கொள்ள டேப்பில் கிரீஸ் தடவிக்கொண்டோம். நான் நேராகப் பிடிக்க, அவன் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று திருகினான். புது சென்சாரில் நல்லவேளை சேதமில்லை. நுனியில் படாமல் மரையில் மட்டும் செம்புப் பசை தடவி வைத்தோம், விரலாலேயே ஏறியது. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது சகலை. அந்தச் சந்தோஷத்தில், இனி இவன் 'நே' என்றால் ஆமாம் என்றே எடுத்துக்கொள்வது, பெரியவன் நான்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். அந்த நிமிஷத்திலேயே கேட்டும்விட்டேன்.

"நெவெனாவை உங்க ஊருக்கே கூட்டிட்டுப் போயிடுவியாப்பா?"

விளக்கைக் கீழே வைத்தான். என் கண்ணைப் பார்த்தான். "நே" என்றான்.

நான் குழியைவிட்டு ஏறி வந்துவிட்டேன். முற்றத்தில் நின்று அழுதேன் என்று எழுத மாட்டேன், மிளகாய்ப் புகை. ஆனால் இப்படியா மூஞ்சிக்கு நேரா சொல்றது? கொஞ்சம் மழுப்பியாவது சொல்லக் கூடாதா? நீங்களும் ஒரு வீட்டுப் பெண்ணைத் தூர தேசம் கூட்டிப்போனவர்தான். நம் மாமனார் அதை எப்படித் தாங்கினார்? அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து உங்களைத் தாறுமாறாகத் திட்டியவன் நான், ஆனால் அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாளைக் காலையில் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். ரட்கா சாப்பிடக் கூப்பிடுகிறாள், பசியில்லை.

உங்கள் இருவருக்கும் தேக சுகமும், வியன்னாவில் வெயிலும், பஸ் ஓட்டுகிற உங்கள் இடுப்புக்கு வலியில்லாத குளிர்காலமும் கிடைக்கட்டும். ஸ்டான்காவின் கன்னங்களில் எங்கள் முத்தங்கள்.

உங்கள் சகலை,
ரங்கேல்

பின்குறிப்பு: தபால்தலை தேடி வந்த நெவெனா இதைப் படித்துவிட்டாள். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதல் 'நே' செய்த சேதத்துக்கு அப்புறம், இனிமேல் மாமாவிடம் நம் பாஷையில்தான் பேசுவேன் என்று பையன் சபதம் செய்திருந்தானாம். கடைசியாகச் சொன்னது சுத்தமான நம் ஊர் 'நே'. கூட்டிட்டுப் போக மாட்டான். இங்கேயே பல் ஆஸ்பத்திரி வைக்கிறார்களாம். உங்கள் வீட்டு முன்னறை வசதியாக இருக்கும் என்றார்கள், நீங்கள் சம்மதித்துவிட்டதாகச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். நான் இரண்டு முறை சாப்பிட்டேன்.

கல்யாணத் தேதி கேட்க இப்போதுதான் உங்கள் காரில் தேவாலயத்துக்குக் கிளம்பினார்கள். விரலால் ஏற்றியதோடு நான் பாதியில் வந்துவிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஸ்பானர் போட்டு இறுக்கிட்டியாப்பா?" என்று கத்தினேன். ஜன்னல் வழியே தலையை நீட்டி, "நே" என்றான். எந்த ஊர் 'நே' என்று கேட்பதற்குள் கார் திருப்பத்தைத் தாண்டிவிட்டது. இதை எழுதும்போது மேட்டுத் தெருப் பக்கம் ஏதோ டிராக்டர் ஏறுகிற மாதிரி சத்தம் கேட்கிறது. ஆகையால் முதல் பத்தியில் நம்பச் சொன்ன அந்த ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். மற்ற எல்லாம் நலம்.