குரல் முதுமைச் சான்றிதழ்

மூத்த கலைஞர்கள் தங்கள் வாழ்நாளின் பிற்பகுதியில் ஜாஸ் பாட்டுகளைப் பாடி ஆல்பமாக வெளியிடுவதற்கு உதவும் பொருட்டு, இசை நலத்துறை ஒரு திட்டம் வைத்திருக்கிறது. நல்ல திட்டம்தான். கொஞ்ச வருஷமாகவே அறுபத்தைந்தைத் தாண்டிய பாடகர்கள் எல்லாரும் வரிசைகட்டி ஜாஸ் பாட ஆரம்பித்திருந்தார்கள். தாலாட்டு பாடிப் பேர் வாங்கினவர் பாடினார். தேர்தல் பாட்டு பாடினவர் பாடினார். ரயில் நிலையத்தில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று முப்பது வருஷம் சொன்ன அம்மாள்கூடப் பாடி, வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதமாக வரும் சோகத்தை அப்படியே கொண்டுவந்துவிட்டார் என்று பாராட்டு வாங்கினார். கறுப்புக் கோட்டு, உயரமான ஸ்டூல், அந்தக் காலத்து மைக், பாதி மூடின கண். இந்த நாலும் இருந்தால் ஆல்பம் ரெடி. ஊரே ஒரு காரியம் செய்யும்போது அதற்கென்று ஒரு துறை இல்லாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? ஆகவே துறை வந்தது.

பாடகியம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. முப்பதாவது வயதில் ஒரு பற்பசை விளம்பரத்துக்குப் பன்னிரண்டு விநாடி பாடினார். அந்தப் பன்னிரண்டு விநாடி நாற்பத்திரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. தெருவில் அவரைப் பார்த்தால் ஜனங்கள் வணக்கம் சொல்வதில்லை, பல்லைக் காட்டுவார்கள். அவரும் பதிலுக்குக் காட்டிவிட்டுப் போவார்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இருபது வயதில், துறைமுகத்துப் பக்கம் ஒரு ஓட்டலில் ஐந்து பேர் வாத்தியக் குழுவோடு அவர் இரண்டு வருஷம் ஜாஸ் பாடியிருக்கிறார். மொத்தம் எட்டுப் பாட்டு. யாரும் பதிந்து வைக்கவில்லை. அந்தக் குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டதைத் தவிர அந்தக் காலத்துக்கு அவரிடம் வேறு அத்தாட்சி இல்லை. அந்த அத்தாட்சியும் போய் ஆறு வருஷம் ஆகிறது.

"அந்த எட்டையும் என் குரல்ல ஒரு தடவை ஒழுங்காப் பாடி வச்சிட்டாப் போதும்டி," என்று மகளிடம் சொன்னார். "அப்புறம் பல்லைக் காட்டுறவங்க காட்டிட்டுப் போகட்டும்."

தினமும் துணி துவைக்கும்போது எட்டையும் பாடுவார். ஐம்பது வருஷத்தில் ஒன்றுகூடத் துருப்பிடிக்கவில்லை. குரலும் அப்படியே இருந்தது. வினையே அங்கேதான் வந்தது.

திட்டத்தில் ஸ்டூடியோ உண்டு, வாத்தியக்காரர்கள் உண்டு, வெளியீட்டு விழாகூட உண்டு. பதினாலாவது விதி மட்டும்தான் இடித்தது. விண்ணப்பதாரர் குரல் முதுமைச் சான்றிதழ் இணைக்க வேண்டும். முதல் வருஷம் இருபத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தன் தாடிக்கு வெள்ளையடித்துக்கொண்டு வந்து ஒரு ஆல்பத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டானாம். அதிலிருந்து துறை முகத்தை நம்புவதில்லை.

சான்றிதழ் தரும் ஒலி ஆய்வாளர் மூன்றாவது மாடியில் இருந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. வேலை செய்யவில்லை என்ற பலகைக்கு மட்டும் வருஷா வருஷம் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பாடகியம்மா ஏறிப் போய் நின்றபோது ஆய்வாளர் ஒரு காதில் பஞ்சு வைத்திருந்தார். அந்தக் காதுக்கு இன்று விடுமுறை என்றார்.

"பிறந்த சான்றிதழ் கொண்டாந்திருக்கேன் சார். எழுபத்திரண்டுன்னு போட்டிருக்கு."

"அது நீங்க பிறந்ததுக்கு. குரல் பிறந்ததுக்கு எங்க?"

"நான் பிறந்தன்னைக்கேதான் அதுவும் பிறந்துச்சு. நல்லா அழுதேனாம்."

"சாட்சி?"

"எங்கம்மா. இப்ப இல்ல."

"அப்பப் பரிசோதனைதான்," என்று ஆய்வாளர் ஒரு படிவத்தை எடுத்தார். அதில் நாலு கட்டம்: நடுக்கம், கரகரப்பு, மூச்சு வாங்கல், வரி மறத்தல். ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து மார்க். அறுபது எடுத்தால் குரல் முதுமை அடைந்ததாக அரசு ஏற்றுக்கொள்ளும்.

பாடகியம்மா பாடினார். பக்கத்து மேசைக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். ஆய்வாளர் முகம் மட்டும் வரிக்கு வரி தொங்கிக்கொண்டே போனது.

"நடுக்கம் இல்ல. கரகரப்பு இல்ல. ஒரு வரி மறக்கல. மூச்சு வாங்கலுக்கு அஞ்சு மார்க் போட்டிருக்கேன்."

"அது மாடி ஏறி வந்தது சார்."

"எதுவா இருந்தா என்னம்மா, உங்களுக்கு உதவத்தானே பாக்கறேன். மொத்தம் அஞ்சு. கணக்குப்படி உங்க குரலுக்கு இருபத்தெட்டு வயசு. இருபத்தெட்டு வயசுல மூத்தோர் திட்டத்துக்கு விண்ணப்பம் போடறது குத்தம். முதல் தடவைங்கறதால விடறேன்."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"முப்பது நாள் கழிச்சு வாங்க. முயற்சி பண்ணுங்க. மனசு வச்சா யாரும் முதுமை அடையலாம்."

மகள் மருந்துக்கடை வைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கல்லாவைச் சாத்தினாள்.

"நல்லா இருக்கறதுக்குக்கூட ஃபெயில் போடறாங்களாம்மா?"

"அஞ்சு போட்டாரே."

"ஊரே அப்படித்தான் ஆயிடுச்சு. இருமல் நிக்கறதுக்கு மருந்து கேட்டு வருவாங்க. இப்பக் காலேஜ் பசங்க வந்து, வர்றதுக்கு ஏதாவது இருக்கான்னு கேக்கறாங்க. கரகரன்னு பேசினாத்தான் ஆழமான ஆளாம். நீ பேசாம வீட்லயே போன்ல பதிஞ்சு வை. நான் கேக்கறேன், போதாதா?"

"ஒழுங்கா வாத்தியத்தோட பாடணும்டி. உங்கப்பா இல்லாம போன்ல பாடினா, ட்ரம்ஸ் எங்கன்னு அவரே கேப்பாரு."

துறை நியமித்த தயாரிப்பாளர் ஒருவர் இருந்தார். தொப்பிக்காரர். வீட்டுக்குள்ளேயும் தொப்பியைக் கழற்ற மாட்டார். பாடகியம்மா பாடினதைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தொப்பியை ஒரு தடவை சரிசெய்துகொண்டார்.

"ஒரு குறையும் இல்ல மேடம்," என்றார். "அதான் குறை. மக்களுக்கு வலி வேணும்."

"மூட்டுவலி இருக்கு தம்பி."

"அது மைக்ல விழாது மேடம்."

அவரே ஒரு குரல் விரிசல் வகுப்புக்கு அனுப்பி வைத்தார். அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகளில் தாலாட்டுக்காரரும் தேர்தல் பாட்டுக்காரரும் அடுத்த ஆல்பத்துக்காக உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு இருபத்துநாலு வயது. முதுமையில் பட்டயம் வாங்கியிருந்தாள்.

"வாழ்க்கையில நீங்க இழந்த ஒண்ணை நினைச்சுக்கோங்க ஆன்ட்டி."

பாடகியம்மா யோசித்தார். வீட்டுக்காரரை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மனுஷரை இந்த பிளாஸ்டிக் நாற்காலி வகுப்புக்கு இழுத்துக்கொண்டு வர அவருக்கு மனசு வரவில்லை.

"குடை," என்றார். "பஸ்ல விட்டுட்டேன்."

"சூப்பர். குடையை நினைச்சு ஒரு வரி பாடுங்க."

பாடினார். மணி மாதிரி இருந்தது. அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"நல்ல குடையா ஆன்ட்டி?"

"சாதாரணக் குடைதான்."

"அதான் வரல."

முப்பது நாள் முடிந்தது. விரிசல் விழவில்லை. சரி, நடப்பது நடக்கட்டும் என்று பாடகியம்மா காலை பத்து மணிக்கே அலுவலகத்துக்குப் போனார். மறுபரிசோதனை என்றால் நேராக மாடி ஏறக் கூடாதாம். கீழே நாலாம் ஜன்னலில் டோக்கன் வாங்க வேண்டும். டோக்கன் வேண்டுமானால் ஏழாம் ஜன்னலின் முத்திரை வேண்டும் என்றார் நாலாம் ஜன்னல்காரர். இரண்டாம் ஜன்னலில் கையெழுத்து இல்லாமல் முத்திரை விழாது என்றார் ஏழாம் ஜன்னல்காரர். டோக்கன் இல்லாதவர்களுக்குக் கையெழுத்துப் போடுவதில்லை என்றது இரண்டாம் ஜன்னல்.

"ஏங்க, டோக்கன் வாங்கத்தானே கையெழுத்துக் கேக்கறேன்," என்றார் பாடகியம்மா.

"கண்ணாடி வழியா ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னார். மூன்று சுற்றுச் சுற்றினார். மூன்று ஜன்னலிலும் சத்தமாகவே சொன்னார். எழுபத்திரண்டு வருஷத்தில் தாளம் இல்லாமல் ஒரு சொல் சொல்லாத வாய் அது. ஒன்றரை மணிக்கு ஏழாம் ஜன்னல்காரர் சாப்பிடப் போனார். இரண்டே முக்காலுக்கு வந்து, "காலையில வந்தவங்க நீங்களா? முகம் ஞாபகம் இல்லையே," என்றார். அப்போது பாடகியம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது. வரிசையில் நின்ற மொத்தப் பேரும் கைதட்டினார்கள் என்று மட்டும் எழுதலாம். முத்திரை விழுந்தது.

நாலு மணிக்கு மாடி ஏறி, "வந்திருக்கேன் சார்," என்றார். தகரத்தைச் சிமென்ட் தரையில் இழுத்த மாதிரி இருந்தது.

ஆய்வாளர் எழுந்தே நின்றுவிட்டார். பஞ்சை எடுத்துவிட்டு இரண்டு காதாலும் கேட்டார். பாட்டு நடுவே ஏழாம் ஜன்னல்காரரிடம் சொல்லாமல் விட்டுப்போன ஒரு பதில் ஞாபகம் வந்து, பாடகியம்மாவுக்கு இரண்டு வரி தப்பிப் போனது. ஆய்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தொண்ணூத்திரெண்டு. என் சர்வீஸ்ல இப்படி ஒரு மூப்பை நான் பாத்ததில்லம்மா. எங்க பயிற்சி எடுத்தீங்க?"

"இங்கதான் சார். கீழ."

சான்றிதழில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது. குரல் மாறும் தன்மையுடையது ஆகையால் இது மறுநாள் மதியம்வரைதான் செல்லும்.

"சார், நாலு நாள் விட்டாத் தொண்டை சரியாயிடும். அப்பப் பாடறேனே," என்றார் பாடகியம்மா.

"சரியான தொண்டைக்கு இந்தச் சான்றிதழ் செல்லாதும்மா. சான்றிதழ் இல்லாத தொண்டைக்கு ஸ்டூடியோ கதவு திறக்காது."

பாடகியம்மா படியில் உட்கார்ந்து யோசித்தார். விட்டால் மறுபடி முப்பது நாள், மறுபடி அந்த ஜன்னல்கள். பாடிவிட்டால் ஆல்பம் வரும். ஆல்பம் வந்தால் விழா வரும். விழாவில் எண்ணூறு பேருக்கு முன்னால், வாத்தியத்தோடு, தன் சொந்தக் குரலில் எட்டையும் பாடிவிடலாம். இந்தத் தகரத்தை ஒரு நுழைவுச்சீட்டு என்று வைத்துக்கொண்டால் போயிற்று. மறுநாள் காலையில் போய் எட்டையும் இழுத்துவிட்டு வந்தார். தொப்பிக்காரர் முதல் தடவையாகத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே வழுக்கை.

ஆல்பம் சக்கைப்போடு போட்டது. மூன்றாம் பாட்டின் விரிசலில் ஒரு போரின் புகை தெரிகிறது என்று ஒரு விமர்சகர் எழுதினார். ஆறாம் பாட்டில் அவர் வரியை மறக்கவில்லை, வரிதான் அவரை மறக்கிறது என்று இன்னொருவர் எழுதினார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் எல்லாரும் அதையே திரும்பச் சொன்னார்கள். பேட்டி எடுக்க வந்த நிருபரிடம் பாடகியம்மா ஒளிவுமறைவில்லாமல், நாலாம் ஜன்னல், ஏழாம் ஜன்னல், இரண்டாம் ஜன்னல் என்று நடந்ததை நடந்தபடி சொன்னார். "தன் வாழ்வின் பெருந்துயரத்தை மூடிய ஜன்னல்கள் என்னும் படிமத்தால் மட்டுமே பேசுகிறார்" என்று அச்சாகி வந்தது.

மகள்கூடக் கடையில் நாள் முழுக்க அதையே ஓடவிட்டாள்.

"ஏம்மா, அந்தக் கடைசிப் பாட்டுல அப்பாவைத்தானே நினைச்சுக்கிட்ட?"

"முத்திரை போடறவனை நினைச்சேன்டி."

"நீ சொல்ல மாட்ட. எனக்குத் தெரியும்," என்று மகள் மூக்கை உறிஞ்சினாள்.

"உனக்கு என்னடி தெரியும்? அன்னைக்குச் சாயங்காலம் நீதானே எனக்கு உப்புத்தண்ணி போட்டுக் கொடுத்த?"

"அதுக்காக? உப்புத்தண்ணிக்குப் பின்னால ஒரு வலி இருக்குமில்ல?"

பாடகியம்மா எழுந்து போய்ப் பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவைத்தார்.

விழா நாள் வந்தது. தொண்டை என்றைக்கோ சரியாகிவிட்டிருந்தது. காலையில் ஒத்திகைக்கு மேடையேறி முதல் பாட்டைப் பாடினார். ட்ரம்ஸ்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு பாட்டு அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. வாசலில் சீட்டுக்கு நின்றவர்களில் ஒருவர், "யாரோ சின்னப் பொண்ணு மைக் டெஸ்ட் பண்றா போலிருக்கு," என்றார். தொப்பிக்காரர் ஓடிப் போய் ஆய்வாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது, ஊர் நம்பி வருது, நீங்க இப்படிக் குரலை மாத்திக்கிட்டு வந்து நிக்கறீங்க," என்றார் ஆய்வாளர்.

"இதுதான் சார் என் குரல். அது மாத்தினது."

"அதுக்குச் சான்றிதழ் இருக்கு. இதுக்கு இருக்கா?"

இல்லைதான். உடனே மேடைக்குப் பின்னாலேயே ஒரு ஆணை தட்டச்சு ஆனது. நிகழ்ச்சியில் சான்று பெற்ற குரல் மட்டுமே ஒலிக்கும், பாடகி அதனுடன் மேடையில் இருப்பதற்கு ஆட்சேபணை இல்லை. அதாவது ஆல்பத்தை ஓடவிடுவார்கள். வாத்தியக்காரர்கள் வாத்தியங்களைச் சும்மா தடவிக்கொடுப்பார்கள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வாயை அசைக்க வேண்டும்.

"நான் நிஜமாவே பாடினா?"

"மைக்கை அணைச்சுடுவோம் மேடம்," என்றார் தொப்பிக்காரர். "அப்புறம் உங்க இஷ்டம்."

பாடகியம்மா மண்டபத்தைப் பார்த்தார். எண்ணூறு பேருக்குக் கேட்காது. முதல் வரிசைக்குக் கேட்கும். முதல் வரிசையில் மகளுக்கு நாற்காலி போட்டிருந்தது. சரி என்று தலையாட்டினார்.

சாயங்காலம் நாலு மணிக்குத் திரை விலகியது. பெட்டியிலிருந்து தகரம் கிளம்பியது. மண்டபம் பெருமூச்சு விட்டது. பாடகியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, அணைந்த மைக்கில், தன் குரலில் பாடினார். ஏழு பாட்டு அப்படியே போயிற்று. கடைசிப் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். இந்த ஒரு தடவை வீட்டுக்காரரை மனசுக்குள் நிஜமாகவே கூப்பிட்டு ட்ரம்ஸில் உட்காரவைத்துக்கொண்டார். துறைமுகத்து ஓட்டலில் அவர் குச்சியைச் சுழற்றிப் பிடித்துக் கண்ணடிக்கிற இடம் வந்தது. அந்த இடத்தில் குரல் தானாக எழும்பி, ஒரு கீறல் இல்லாமல், முதல் வரிசை முழுக்க நிறைந்தது. கண்ணைத் திறந்தார்.

கன்னமெல்லாம் கண்ணீரோடு மகள் நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள். உதட்டில் விரலை வைத்திருந்தாள்.

"அம்மா," என்றாள் ரகசியமாக, "கொஞ்சம் சும்மா இரும்மா. பாட்டு கேக்கல."