ராஜரத்தினத்தின் மூளை மெஷின்

செமாபோக்குக்குப் போகவேண்டிய அரிசி லோரி ஆயர் குரோவில் போய் நின்றது. அனுப்பியவர் காஜா பெராங் அரிசிக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி ராஜரத்தினம்.

"காலையிலயே சொன்னேனே, கிராணி!" என்று கத்தினார் முதலாளி பொன்னுதுரை.

"என்கிட்ட யாரும் சொல்லலைங்க."

"நான்தான்யா சொன்னேன்!"

ராஜரத்தினத்தின் சந்தேகம் உறுதியாகிவிட்டது. கொஞ்ச நாளாக இதே கதைதான். எல்லாரும் சொன்னேன் என்கிறார்கள், யாரும் சொல்வதில்லை. அடுத்த மாதம் மெர்டேக்கா, மலாயாவுக்குச் சுதந்திரம். அதற்குள் தன்னைக் கழற்றிவிட்டு வேறு கிராணியை வைக்கச் சதி நடக்கிறது. இல்லாவிட்டால் லோரி டிரைவர் அப்பு தன்னைப் பார்த்து ஏன் சிரிக்க வேண்டும்?

சதியைக் கையும் களவுமாகப் பிடிக்க, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அப்புவும் முதலாளியும் பேசினார்கள். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. சதிகாரர்கள் அப்படித்தான் பேசுவார்கள். இன்னும் கொஞ்சம் எட்டிச் சாய்ந்தபோது அடுக்கு சரிந்து, மூட்டையோடு மூட்டையாக முதலாளியின் காலடியில் விழுந்தார்.

"உங்க மூளைக்கு என்னய்யா ஆச்சு? இன்னொரு தப்பு நடந்தா வேற ஆள்தான்!"

செய்தி வீட்டுக்கு வந்தது. மனைவி பூங்காவனமும் அவள் தம்பி கருணாகரனும் அடுப்படியில் கூடிப் பேசினார்கள். மறுநாள் கருணாகரன் ஒரு சின்னப் பெட்டியோடு வந்து, மச்சானின் முகத்துக்கு நேரே நின்று விளக்கினான்.

"மச்சான், இது மூளை மெஷின். அமெரிக்காக்காரன் செஞ்சது. பெட்டி சட்டைப் பையில இருக்கணும். கம்பிப் பட்டையைத் தலையில மாட்டி, இந்தப் பொத்தானை வலது பக்க மண்டை எலும்புல அழுத்தி வச்சா, அறிவு ரெண்டு மடங்கு!"

"அக்காளும் தம்பியும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்கப் பாக்குறீங்களா?"

"வேணாம்னா விடுங்க. அப்பு கேட்டான், அவனுக்குக் குடுத்துடுறேன்."

மறுகணம் பட்டை ராஜரத்தினத்தின் தலையில் ஏறியது.

அறிவு உடனே வந்துவிட்டது. கிடங்கில் முதலாளி ஒரு தடவை சொன்னால் போதும், லோரி சரியான ஊருக்குப் போனது. வினை அதற்கப்புறம்தான். அப்பு தனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் கிழட்டு ஆந்தை என்று அந்த அறிவு கண்டுபிடித்தது, அடிதடியாயிற்று. சோறு போடும்போது பூங்காவனம் எப்படியெல்லாம் திட்டுகிறாள் என்றும் கண்டுபிடித்தது. அன்று சோறே இல்லை. கடைசியில் முதலாளியிடம் நேராகவே போய் நின்றார்.

"புதுக் கிராணி பேரு கலியாணசுந்தரமாமே?"

பொன்னுதுரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கதவைச் சாத்திட்டுப் பேசினது அது! ஒட்டுக் கேக்குறீங்களா?"

"இல்லைங்க. அறிவு!"

"இப்படிப்பட்ட அறிவு என் கிடங்குக்கு ஆகாது. நாளையிலேர்ந்து வராதீங்க."

ராஜரத்தினம் தெருவில் நின்று யோசித்தார். பாதி மூளைக்கு மெஷின் மாட்டியதிலேயே சதி வெளிவந்துவிட்டது. மீதிப் பாதிக்கும் மாட்டினால் சதியை முறியடித்துவிடலாம். பெட்டியின் அடியில் ஜாலான் பெண்டஹாரா ரேடியோ கடை ஒன்றின் பெயர் ஒட்டியிருந்தது. நேரே அங்கே போனார்.

கடையில் மல்லிகா என்ற பெண் நின்றிருந்தாள். தலைப் பட்டையைக் கழற்றி அவள் முன்னால் வைத்தார்.

"வலது பக்கத்துக்குப் பிரமாதமா வேலை செய்யுதும்மா. இடது பக்கத்துக்கும் ஒண்ணு குடு."

மல்லிகா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி குரலை உயர்த்திக் கேட்டாள்:

"ஐயோ, அந்தக் காதும் கேக்காதாங்க?"