ஏச்சு வாங்க ஓர் ஆள்

போடிநாயக்கனூர்,
ஐப்பசி 22.

மதிப்பிற்குரிய மச்சான் அருள்பாண்டி அவர்களுக்கு, மைத்துனன் மொக்கச்சாமி வணங்கி எழுதுவது. ராஜபாளையத்தில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள், அக்காவின் முழங்கால் வலியும் கொஞ்சம் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என் வீட்டில் எல்லோரும் சுகம், மழை சுகம், ஏலக்காய் வரத்தும் சுகம். உங்கள் மகன் சூர்யபிரகாஷ் உடம்பளவில் சுகம். உடம்பைத் தவிர்த்த மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் பேச்சை எடுத்தாலே உங்கள் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்த வசதி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

சித்திரையில் அவன் பெங்களூரு வேலையை உதறிவிட்டு வந்து, மாவு மில் மாடியில் கம்பெனி தொடங்கியபோது முதல் மாலை போட்டவன் நான்தான், மறுக்கவில்லை. விஷயமும் நல்ல விஷயம்தான். விடிவதற்குள் நம்மூர்ப் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறார்கள், சாயங்காலம் திரும்புகிறார்கள். எந்தக் குழுவுக்கு எந்த ஜீப்பு, எத்தனை மணிக்கு, எங்கே நிற்கும் என்று போனிலேயே பார்த்துக்கொள்ள ஓர் ஆப். அதற்கு 'மலையேறி' என்று பெயர் வைத்தான். "மாப்ளே, காலம் மலையேறிப் போச்சும்பாங்களே, அந்தப் பேரா வைக்கிற?" என்று கேட்டேன். "அது பிராண்டு மாமா, உங்களுக்குப் புரியாது" என்றான். ஆறு பிள்ளைகளை வேலைக்கு வைத்திருந்தான். அதில் பவித்ரா என்று ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்தெருப் பெண் ஒருத்தி. எந்த டிரைவர் எந்தக் கிழமை வரமாட்டார், எந்த ஜீப்பு மழையில் திணறும், எந்தக் குழுவும் எந்தக் குழுவும் ஒரே வண்டியில் ஏறினால் சண்டை வரும் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். போன் எடுத்துப் பதில் சொல்வது அவள் வேலை. மூன்று மாதம் ஆப் ஒழுங்காக ஓடியது. ஒழுங்காக ஓடுகிற ஒன்றைப் பார்த்தால் உங்கள் மகனுக்கு உடம்பு நமநமவென்று அரிக்கும் போலிருக்கிறது.

ஆடி மாதம் பெங்களூருவில் ஏதோ கூட்டம் என்று போனான். திரும்பி வந்தபோது முகமே வேறாக இருந்தது. "மாமா, இனிமே கம்பெனியில ஏஜென்ட்டுங்கதான்" என்றான். இன்சூரன்ஸ் ஏஜென்ட்டா, வீட்டுமனை ஏஜென்ட்டா என்று கேட்டேன். அரை மணி நேரம் விளக்கினான். கம்ப்யூட்டருக்குள்ளேயே எட்டுப் பேராம். ஒன்று திட்டம் போடுமாம், ஒன்று புரோகிராம் எழுதுமாம், ஒன்று சோதிக்குமாம், ஒன்று சரிபார்க்குமாம், ஒன்று புகாருக்குப் பதில் சொல்லுமாம், மற்ற மூன்றும் இந்த ஐந்தையும் மேற்பார்வை பார்க்குமாம். லீவு கேட்காது, டீ கேட்காது, கல்யாணம் பண்ணிக்கொண்டு போகாது. பதினைந்து நாளில் ஆறு பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். கடைசியாகப் போனவள் பவித்ரா. படியில் நின்றபடி கேட்டாள்: "அண்ணே, அமுதவள்ளி அக்கா குழுவுல ஒரு புள்ள முழுகாம இருக்கு. அதுக்கு முன்சீட்டு குடுக்கணும்னு அதுகிட்ட யாருண்ணே சொல்லுவா?" இவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "டேட்டாவுல இருந்தா அதுவே தெரிஞ்சுக்கும்" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். நான் மாவு மில்லைப் பார்த்தேன்.

அதன்பிறகு மாடியில் அவனும் மூன்று திரைகளும்தான். அதுகள் தங்களுக்குள் எழுதிக்கொள்வதை, பள்ளிக்கூடத்தில் பிள்ளை வாங்கிய பரிசைப் படிக்கிற மாதிரி எனக்குப் படித்துக் காட்டுவான். எழுதுகிறது ஒன்று, அருமை என்கிறது இன்னொன்று, அந்த அருமையைச் சோதித்தேன், உண்மையிலேயே அருமை என்கிறது மூன்றாவது. முப்பத்தோரு வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்திருக்கிறேன், எந்த ஆசிரியர் அறையிலும் இப்படி ஓர் ஒற்றுமையை நான் கண்டதில்லை.

ஆவணியில் என்னைக் கூப்பிட்டான். "மாமா, ஒரே ஒரு சோலிக்குத்தான் மனுசன் வேணும். கஸ்டமர் கோபமா இருந்தா மெசேஜ் போட்டா எடுபடல. நேர்ல ஒரு ஆளு போயி நின்னாத்தான் கோபம் தணியுது. நீங்க போயி நிக்கணும்." என்ன பேச வேண்டும் என்று கேட்டேன். "பேச வேணாம் மாமா, அவங்க பேசுவாங்க." மச்சான், விளங்குகிறதா? அந்த எட்டு அறிவாளிகளும் எல்லாம் செய்யும், மலையேறிப் போய் நாலு பேர் முன்னால் ஏச்சு வாங்க மட்டும் அதுகளுக்கு உடம்பு கிடையாது. முப்பத்தோரு வருஷம் ஊர்ப்பிள்ளைகளை ஏசிச் சம்பளம் வாங்கியவன் நான், இப்போது ஏச்சு வாங்கிச் சம்பளம் வாங்குகிறேன். வீட்டில் சும்மா இருந்தால் உங்கள் தங்கச்சி ரேஷன் கடை வரிசையில் நிற்கச் சொல்கிறாள் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

முதல் ஒரு மாதம் சில்லறை ஏச்சு. புரட்டாசிக் கடைசியில்தான் பெரிய கூத்து. சாயங்காலம் பெண்கள் ஜீப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று இவன் அதுகளுக்கு உத்தரவு போட்டிருக்கிறான். அதுகள் கூடிப் பேசி, திரும்பும் ஜீப்பைக் காலை ஏழே காலுக்கு மாற்றிவிட்டன! பெண்கள் தோட்டத்தில் இறங்குவது ஏழு மணிக்கு, ஜீப்பும் அங்கேயேதான் நிற்கிறது, ஆகவே காத்திருப்பு அறவே இல்லை. சோதிக்கிறது சோதித்து அருமை என்றது. சரிபார்க்கிறது அருமையோ அருமை என்றது. பெண்கள் காய் எடுக்க உள்ளே போய்விட்டார்கள். டிரைவர்கள் போனைப் பார்த்தார்கள், திரும்பும் பயணம் தொடங்கிவிட்டது என்று இருந்தது, வெற்று ஜீப்பை ஓட்டிக்கொண்டு இறங்கி வேறு லோடுக்குப் போய்விட்டார்கள். மூன்று ஜீப்பு, முப்பத்திரண்டு பெண்கள். சாயங்காலம் தோட்டத்து வாசலில் மழை, மூடுபனி, ஜீப்பைக் காணோம். போடிமெட்டு வரை நடந்திருக்கிறார்கள், பவித்ரா சொன்னாளே, அந்தப் பிள்ளைத்தாச்சிப் பெண்ணும் சேர்ந்து. முட்டைக்கோஸ் ஏற்றிய ஒரு வண்டிக்காரர் இரக்கப்பட்டு அவளை முன்னால் உட்காரவைத்து மற்றவர்களை மூட்டை மேல் ஏற்றிக்கொண்டு வந்தார். ஊர் வந்து சேர இருட்டிவிட்டது. ஆப்பில் என்ன இருந்தது தெரியுமா? 'பயணம் நிறைவு. காத்திருப்பு: 0 நிமிடம்.'

மறுநாள் மலையடிவாரத்து முந்தல் ஊரில் அமுதவள்ளி முன்னால் போய் நின்றேன். அவள்தான் அந்தக் குழுவுக்குக் கங்காணி. "வாங்க பி.டி. சாரு, வாங்க" என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள். "அந்தப் புள்ள ஏழு மாசம். வளைவுக்கு வளைவு உக்காந்து உக்காந்து எந்திரிச்சு வந்துச்சு. அதுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகியிருந்தா, ஒங்க கம்ப்யூட்டரு வந்து பதில் சொல்லுமா? நீங்க சொல்லுவீகளா? எம் மகன் சட்டை பட்டன் போடலன்னு வெயில்ல முட்டிபோட வச்சீகள்ல, இப்ப நீங்க போடுங்க பாப்போம்!" முட்டி போடவில்லை மச்சான். ஆனால் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த ஏச்சு வேலைக்காக வாங்கிய ஏச்சு இல்லை, எனக்கே உரியது என்று பட்டது.

அதோடு விட்டதா? முதல்நாள் சாயங்காலம் தோட்டத்து வாசலிலேயே நின்று அமுதவள்ளி ஆப்பில் குரலில் ஒரு புகார் பதிந்திருக்கிறாள். "கட்டையில போக! முப்பத்திரெண்டு பேரு இங்க நிக்கிறோம்டா!" என்று. புகார் ஏஜென்ட் அதைக் கேட்டு, கண்ணியமாகப் பதில் எழுதியது: 'அன்புள்ள அமுதவள்ளி, கட்டையில் போக வேண்டும் என்ற தங்கள் மேலான விருப்பம் எங்களுக்கு மிகவும் முக்கியமானது.' திட்டம் போடுகிறது திட்டம் போட்டது, எழுதுகிறது எழுதியது, மறுநாளே ஆப்பில் 'கட்டை வண்டி' என்று புதிதாக ஒரு பட்டன், அதில் அமுதவள்ளி குழுவின் பெயரில் அதுகளே போட்ட முதல் பதிவு. இவன் என்னிடம் அதைக் காட்டிப் பெருமைப்பட்டான்: "ஆறு பேரு இருந்தா இதுக்கு ஒரு மாசம் ஆகும் மாமா." அந்த வியாழக்கிழமை விடியலில் அமுதவள்ளி குழு நிற்கிற இடத்துக்கு மரம் ஏற்றுகிற லாரி ஒன்று வந்து நின்றது. ஜக்கையன் என்று ஒரு டிரைவர், பாவம், நல்ல மனுஷன். இறங்கி வந்து போனைப் பார்த்துவிட்டு, "முப்பத்திரெண்டு கட்டைன்னு போட்டிருக்கு, எல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் கேட்டது முப்பத்திரண்டு பெண்களிடம். அவர் லாரிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எனக்குப் போன் போட்டார். நான் போனபோது ஜக்கையனுக்கு மிச்சம் வைத்திருந்ததெல்லாம் எனக்குக் கிடைத்தது.

இதற்கு உங்கள் மகன் கண்ட வைத்தியத்தைக் கேளுங்கள். என் சட்டைப்பையில் போனை வைத்து, நான் ஏச்சு வாங்குவதைப் பதிவு செய்து, அதை ஒரு ஏஜென்ட்டிடம் கொடுத்து எனக்கு மதிப்பெண் போடச் சொன்னான். அது எழுதுகிறது: 'மொக்கச்சாமி அவர்கள் மன்னிப்புக் கேட்கும்போது நடுநடுவே "அதுக்கு நான் என்ன பண்ண" என்று ஏழு முறை கூறினார். தவிர்க்கலாம். பெருமூச்சு சிறப்பு.' என் பெருமூச்சுக்கு மார்க்கு போட ஒரு மிஷின்!

இதற்கிடையில் அமுதவள்ளி ஒரு காரியம் செய்தாள். பவித்ராவுக்குப் போன் போட்டாள். "ஆத்தா, நாளைக்கு எங்களுக்கு எந்த ஜீப்புன்னு நீயே சொல்லிரு." பவித்ரா ஜீப் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், கையில் ஒரு போன், ஒரு நோட்டு. டிரைவர்கள் அவளைக் கேட்டார்கள், கங்காணிகள் அவளைக் கேட்டார்கள். இரண்டே வாரத்தில் மொத்த மலையும் அவள் சொல்படி ஏறி இறங்கியது. பிள்ளைத்தாச்சிக்கு முன்சீட்டும் கிடைத்தது.

போன சனிக்கிழமை மாடிக்குப் போனேன். மேசை மேல் கேக்கு. "மாமா, இந்த வாரம் கம்ப்ளைன்டே இல்ல! ஒண்ணுகூட இல்ல!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். திரையில் எட்டு ஏஜென்ட்டும் ஒன்றையொன்று வாழ்த்திக்கொண்டிருந்தன. நான் கேட்டேன்: "பயணம் எத்தனை மாப்ளே?"

ஏதோ தட்டினான். திரும்பவும் தட்டினான். "பயணமும் இல்ல மாமா" என்றான்.

கேக்கை யாரும் வெட்டவில்லை. ஆப்பை ஒருத்தரும் தொடவில்லை என்று அதுகளில் ஒன்றாவது வாயைத் திறந்து அவனிடம் சொல்லியிருக்கலாம். பவித்ரா இருந்திருந்தால் முதல்நாளே படியில் நின்று கத்தியிருப்பாள். "அவளைப் போயிக் கூப்பிடு" என்றேன். "எந்த மொகத்தோட மாமா?" என்றான். நாலு வயதில் உங்கள் வீட்டுக் கிணற்றில் பம்பரத்தைப் போட்டுவிட்டு நின்ற அதே முகம். எனக்குக் கோபமும் வந்தது, என்னமோ போலவும் இருந்தது.

ஆகவே மச்சான், தயவுசெய்து உடனே புறப்பட்டு வந்து பிள்ளையைக் கூட்டிப் போங்கள். ஏதாவது ஒரு மில்லில் கணக்குப் பிள்ளையாகச் சேர்த்துவிடுங்கள். அங்கே அவன் சொல்வதற்கெல்லாம் அருமை என்று சொல்லாத மனுஷர்கள் நாலு பேர் இருந்தால் போதும், தானாகத் தேறிவிடுவான். நானும் இந்த ஏச்சு உத்தியோகத்துக்கு இன்றோடு முழுக்குப் போடுகிறேன். அக்காவுக்கு என் அன்பும், கொல்லையில் காய்க்கிற முருங்கைக்கு என் விசாரிப்பும். குலசாமி உங்கள் குடும்பத்துக்குப் புத்தியும் ஆயுசும் தரட்டும், புத்தியை முதலில் தரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
மொக்கச்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சூர்யபிரகாஷ் ஓடி வந்தான், அதிலிருந்து கடிதம் ஒரு வாரமாக மேசையிலேயே கிடக்கிறது. கோயம்புத்தூரில் மூன்று கம்பெனி, கொச்சியில் ஒன்று, எல்லாம் இவனுடையதைப் போலவே உள்ளே ஆள் இல்லாத கம்பெனிகள். நேரில் போய் நின்று ஏச்சு வாங்க அவர்களிடமும் யாரும் இல்லையாம். இவன் அனுப்பிவைத்த என் ஏச்சுப் பதிவுகளைக் கேட்டுவிட்டு, இப்படிப் பெருமூச்சு விடுகிற ஆட்கள் வேண்டும் என்று கேட்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து புதுக் கம்பெனி தொடங்கிவிட்டோம். நான் துணைத்தலைவர், விசிட்டிங் கார்டு இதனுடன் வைத்திருக்கிறேன், அக்காவிடம் காட்டவும். பவித்ராவையும் கூப்பிட்டோம், "எனக்குச் சோலி கெடக்கு" என்று போனை வைத்துவிட்டாள். பணி ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார்கள் நாலு பேர் சேர்ந்தாயிற்று, இன்னும் ஓர் ஆள் குறைகிறது. மில்லில் சூப்பர்வைசராக இருந்த காலத்தில் யூனியன்காரர்கள் முன்னால் நீங்கள் கைகட்டி நின்ற பொறுமையை அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அதனால் பிள்ளையைக் கூட்டிப் போக வர வேண்டாம். இரண்டு வேட்டியும் ஒரு குடையும் எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை வெரசா வேலைக்கு வந்து சேருங்கள்.