அறுபது மஞ்சள் கயிறும் யோயோவுக்குத்தான்

17-08-2025, ஞாயிறு, காலை 10.20
கடலூர் முதுநகர்
கையிருப்பு: யோயோ 41. அதில் ஒழுங்காக ஏறி இறங்குவது 3. மனைவி 0.

பெருமதிப்பிற்குரிய மாமா திருநாவுக்கரசு அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகன் பாலகுமார் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் மரத்தூள் இருமலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே அத்தையும் எழிலரசியும் எப்படி இருக்கிறார்கள், போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் முழங்காலில் கண்ட வீக்கம் வடிந்துவிட்டதா என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும். நீங்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். அம்மா பேசினாலோ, "அக்கா, ஒன் புள்ள இப்புடிப் பண்ணிட்டானே" என்று பாதியில் அழுதுவிடுகிறீர்கள். அதனால்தான் தபால். பேனா பிடித்து நாலு வருஷம் ஆகிறது, கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எந்த ஊரிலும், எந்தப் பெண்ணோடும் ஆகவில்லை. சிதம்பரம் கீழவீதியில் நான் வாங்கிய அறுபது தாலிக் கயிறும் யோயோவுக்கு வாங்கியவை. இதற்கு மேல் படிக்க நேரமில்லை என்றால் இத்தோடு நிறுத்திக்கொண்டு, நீங்கள் நிறுத்திவைத்த எனக்கும் எழிலுக்குமான நிச்சயதார்த்தத்தைப் பழையபடி 29ஆம் தேதியே நடத்திவிடலாம். நேரம் இருந்தால் காரணம் கீழே.

நிச்சயத்துக்கு வருகிற அறுபது பேருக்குத் தாம்பூலப் பையில் என்ன போடுவது, எவர்சில்வர் டப்பா போதுமா என்று எழிலுக்கு மெசேஜ் அனுப்பினேன். இங்கிலீஷ் எழுத்தில் 'யோயோ' என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. சரி, பெண்ணுக்கு வித்தியாசமான ஆசை, நாமும் மெக்கானிக்கல் படித்தவன், கடையில் பிளாஸ்டிக் வாங்கிக் கொடுத்தால் மரியாதையில்லை என்று, அண்ணாகிராமம் கலியமூர்த்தி பெரியப்பா தோப்பில் விழுந்த பலாமரத்தில் ஒரு துண்டை பைக்கில் கட்டி எடுத்துவந்தேன். சமையல் மேடையில் ட்ரில்லிங் மெஷினை கிளாம்ப் போட்டு இறுக்கி, வட்டம் வட்டமாக வெட்டி, உப்புத்தாள் போட்டு, நடுவில் மூங்கில் அச்சு அடித்தேன். சொல்வதற்குச் சுலபம். இரண்டு வட்டும் ஒரே எடையாக இருக்க வேண்டும், இரண்டு கிராம் ஏறினாலும் யோயோ தள்ளாடும். பலாமரமோ ஈரம். காலையில் ஒரே எடையாக இருந்த ஜோடியில் ஒன்று சாயங்காலம் இளைத்துவிடும். பதினேழாவது யோயோ முடிந்த அன்றுதான் எழில் போனில் சொன்னாள்: "நா ஐயோயோன்னு அடிச்சேன். மொத எழுத்த போன் முழுங்கிடிச்சி. எவர்சில்வர் டப்பாவான்னு அலுத்துக்கிட்டேன், அவ்ளோதான்." அதற்குள் மரம் முழுவதையும் அறுத்துப் போட்டிருந்தேன். வெட்டிய மரத்தை ஒட்டவைக்க எந்தக் காலேஜிலும் சொல்லித்தரவில்லை.

பலாத்தூள் மஞ்சள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் கை, கழுத்து, காது, சட்டைக் காலர் எல்லாம் மஞ்சள். சோப்புப் போட்டால் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. "மஞ்சப்பொடி போடாமலே கொழம்பு மஞ்சளா கொதிக்குது, இது எந்தக் கம்பெனி டெக்னிக்குடா" என்று அம்மா கேட்டாள்.

அடுத்தது கயிறு. நைலான் வழுக்குகிறது, தையல் நூல் அறுகிறது. முறுக்கிய பருத்தி வேண்டும், தரையிலிருந்து தொப்புள் உயரம் வேண்டும். அம்மா ஆடிப்பெருக்குக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த தாலிக் கயிற்றை அளந்தேன். தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். இவ்வளவு கச்சிதமாக யாரும் யோயோக் கயிறு தயாரிக்க முடியாது. கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கச் சிதம்பரம் வந்த எட்டாம் தேதி, பூஜைச் சாமான் கடை ராசம்மாளிடம் கேட்டேன். அவர் அத்தைக்கு வேண்டியவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"எத்தினி வேணும் தம்பி?"

"அறுவது."

என் மஞ்சள் கையைப் பார்த்தார். "ஆடி மாசத்துல ஆருக்குத் தம்பி கல்யாணம்?"

"கல்யாணம் இல்லம்மா. கட்டி ஆட்டிப் பாக்கணும். அறுந்துச்சின்னா அடுத்தது கட்டுவேன்."

"பொண்ணு?"

"பொண்ணு கெடக்கட்டும், கயிறு ஸ்டிராங்கா இருக்குமா?" என்று ஒன்றை எடுத்து வெடுக்கென்று இழுத்தேன். டெஸ்டிங் என்றால் இழுத்துத்தான் பார்க்க வேண்டும். அது அறுந்தது. அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் பஸ்ஸில் பரங்கிப்பேட்டை கூட் ரோடு தாண்டுவதற்குள் உங்கள் போன். "எவடா அவ?" என்றீர்கள். "எவளும் இல்ல மாமா" என்றேன். "எவளும் இல்லாமதான் அறுவது கயிறா? மேலெல்லாம் நலங்கு மஞ்சளாமே?" என்றீர்கள். "அது பலாமரம் மாமா" என்றேன். "என்னப் பாத்தா பலாமரம் மாதிரி இருக்கா" என்று வைத்துவிட்டீர்கள். இதில் என் பக்கம் ஒரு பொய்கூட இல்லை, கவனிக்கவும்.

செய்து காட்டினால் நம்புவீர்கள் என்றுதான் பத்தாம் தேதி சுழலுகிற யோயோவாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் கேட்டைத் திறக்கவில்லை, ஆனால் உள்ளே நின்று பார்த்தீர்கள், அதற்கு நன்றி. முதல் இரண்டு வீச்சு சரியாக வந்தது. மூன்றாவது வீச்சில் கயிறு அறுந்து, யோயோ கேட் கம்பி வழியாகப் பாய்ந்து உங்கள் முழங்காலில் பட்டது. உங்கள் வலியைவிட, "வாசல்லியே தாலிக் கயிறு அறுந்துடிச்சே" என்று அத்தை உட்கார்ந்துவிட்டதுதான் எனக்குக் கஷ்டமாகப் போயிற்று. பழுது கயிற்றில் இல்லை. அச்சுக்குப் பக்கத்தில் விளிம்பை நான் சரியாகத் தேய்க்கவில்லை, அது கத்தி மாதிரி அறுத்திருக்கிறது. இதற்கு ஜோசியரைக் கேட்டு ஒரு வருஷம் தள்ளிப்போடுவது எந்த விதத்திலும் பரிகாரமாகாது. உப்புத்தாள்தான் பரிகாரம்.

மாமா, நான் களைத்துவிட்டேன். சிப்காட்டில் எட்டு மணி நேரம் பம்பு பார்த்துவிட்டு வந்து யோயோ பார்க்கிறேன், யோயோ பார்த்துவிட்டு அம்மா முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது, அதனால்தான் இவ்வளவும் ஆயிற்று. எனக்கு எழில்தான் வேண்டும். அவளைத் தவிர யாரையும் நினைத்ததில்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு அடி எடுத்துவைக்க மாட்டேன். எத்தனை மாதம் ஆனாலும் காத்திருப்பேன். அத்தைக்கு என் வணக்கம். எழிலுக்கு அன்பு என்று எழுத வேண்டும், நீங்கள் படிப்பீர்கள் என்பதால் விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் கோபம் தணியவும் முழங்கால் நேராகவும் வேண்டிக்கொள்ளும்,

பாலகுமார்

பி.கு.: மதியம் 12.05. உறையை ஒட்டும்போது எழில் போன் செய்தாள்.

"அப்பாவுக்குக் கெஞ்சி எழுதறியாமே. எத்தினி பக்கம்?"

"மூணு."

"அதுக்குள்ள கட்டியே இருக்கலாம். புதன்கெழம முகூர்த்தத்துக்கு திருவந்திபுரம் கோயில்ல சீட்டுப் போட்டுட்டேன். வருவியா, இல்ல யோயோ வேல இருக்கா?"

அம்மா போனைப் பிடுங்கி, "அவன் வருவான்டி. தம்பிய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே கல்யாணம் ஆகவில்லை, காத்திருப்பேன், சம்மதம் இல்லாமல் ஓர் அடி எடுத்துவைக்க மாட்டேன் என்று மேலே எழுதியவை எழுதும்போது உண்மை. தபால் உங்கள் கைக்கு வரும்போது உண்மையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இனி நான் செய்யப்போவது:

1. நாளை இந்தக் கடிதத்தைச் சாதாரணத் தபாலில் போடுவேன். ஸ்பீடு போஸ்ட் கூடாது என்று எழில் சொல்லிவிட்டாள்.

2. செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு கயிறு புதிதாக வாங்குவேன். இழுத்துப் பார்க்க மாட்டேன்.

3. புதன் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் அதைக் கட்டுவேன்.

4. அன்று மாலை நான்கு மணிக்கு எழிலும் நானும் அம்மாவும் உங்கள் கேட்டுக்கு வெளியே நிற்போம். அத்தை ஆரத்தி கரைத்துக்கொண்டு வரும் வரைக்கும் நிற்போம். எழில் நாலு நாள் லீவு போட்டிருக்கிறாள்.